கைலாகு அண்ணையின் சொல்லாத சொல்

ஒஸ்லோவில் கை என்று ஒன்று உள்ள அத்தனை பேருக்கும் ஒரு தடவையாவது கைலாகு கொடுத்துப் பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கும் இருந்தது. அது குடிவரவு அலுவலகத்துக்கு மட்டும் பயன்பட்டது. எங்கள் எல்லாருக்கும் அவர் கைலாகு அண்ணை.

அது நீங்களும் நானும் கொடுக்கிற கைலாகு இல்லை. கையைப் பிடிப்பார். பிடித்ததும் அவருடைய பெருவிரல் உங்கள் விரல் முட்டுகளுக்கு மேலே எதையோ தேடிக்கொண்டு போகும். ஓரிடத்தில் நின்று சின்னதாய் ஒரு அமத்து. உடனே உங்கள் முகத்தை ஏக்கத்தோடு பார்ப்பார். நீங்கள் பேந்தப் பேந்த முழிப்பீர்கள். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, "நல்லது, சந்தோசம்" என்று சொல்லிக் கையை விட்டுவிடுவார்.

ரயிலில் டிக்கெட் பரிசோதிக்க வந்தவருக்குக் கொடுத்தார். மீன்கடைக்காரருக்கு, அவர் கையில் மீன் இருக்கும்போதே கொடுத்தார். ஒரு கல்யாண வீட்டில் மணவறைக்கு ஏறி மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். பெண்ணைப்பற்றி ஏதோ ரகசியமாய் எச்சரிக்கிறாராக்கும் என்று அந்தப் பிள்ளை தாலி கட்டும் வரைக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது. எங்கள் குடும்ப வைத்தியர், இந்த மனிதருக்கு விரலில் ஏதோ வாதம் என்று முடிவுகட்டி மூட்டு வைத்தியரிடம் அனுப்பினார். மூட்டு வைத்தியருக்கும் அண்ணை அதையே கொடுத்தார்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. நாங்கள் அம்மருட் என்ற புறநகரில், தொடர்மாடியொன்றின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். நான் பஸ் ஓட்டுகிறவன். என் மனிசிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்க, தெரிந்த ஒருவர் சொல்லி அண்ணை வந்து சேர்ந்தார். வந்த அன்றே கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு அறிவித்தல் விட்டார்.

"தம்பி, நான் ஒரு பிறீமேசன். அதைச் சொல்லலாம். அதுக்கு மேலை நீங்கள் கேக்கவும் கூடாது, நான் சொல்லவும் ஏலாது."

மனிசி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மேசன் வேலையோ அண்ணை? நல்லதாப் போச்சு. எங்கடை பாத்றூமிலை ரண்டு ஓடு கழண்டு கிடக்கு."

"பிள்ளை, இது அந்த மேசன் இல்லை."

எந்த மேசன் என்று எங்களுக்கு விளங்கவே பல மாதம் சென்றது. உலகம் முழுக்க இருக்கிற ஒரு பழைய சங்கம் அது. ஆண்கள் சேர்ந்து, சத்தியம் எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு சடங்கு செய்வார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியில் சொல்லக்கூடாது. ஒருவரை ஒருவர் அடையாளம் காணக் கைலாகு, சைகை, சொல் என்று சில ரகசியங்கள். கிளைக்கு லொட்ஜ் என்று பெயர். அறை வாடகைக்கு விடுகிற லொட்ஜ் வேறு. கொழும்பில் அண்ணையின் லொட்ஜில் சிங்களவர், முஸ்லிம், பறங்கியர், தமிழர் எல்லாரும் ஒரே வரிசையில் இருந்தார்களாம். அவரவர் வேதத்தில் அவரவர் சத்தியம். அண்ணை கீதையில் கை வைத்தவர்.

அவருக்கு வாழ்க்கையில் முக்கியமான சொல் 'முறை'. "தம்பி, முறையான லொட்ஜும் இருக்கு, முறையில்லாத லொட்ஜும் இருக்கு. முறையானது முறையானதை மட்டும்தான் அங்கீகரிக்கும். மற்றவையோடை லொட்ஜ் விசயம் ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது." இந்தச் சட்டத்தை அவர் லொட்ஜோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒஸ்லோவில் ஒரே பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பழைய மாணவர் சங்கம் உடைந்து கிடந்தது. தாய்ப் பள்ளிக்கூடம் எதை அங்கீகரித்தது என்று விசாரித்து, அந்தச் சங்கத்தின் ஒன்றுகூடலில் மட்டும் றோல்ஸ் சாப்பிட்டார். மற்றதில் தட்டை நீட்டிய செயலாளரிடம், "மன்னிக்க வேணும், உங்களை நான் இன்னும் அங்கீகரிக்கேல்லை" என்று சொல்லிவிட்டார். றோல்ஸ் இரண்டு இடத்துக்கும் ஒரே வீட்டில் பொரித்ததுதான்.

இதையெல்லாம் சிரித்துச் சிரித்து எழுதுகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. தபால்பெட்டி மூடி டக்கென்று சத்தம் போட்டால் மூன்று பேரும் சாப்பாட்டை நிறுத்தினோம். அவருடைய அகதி வழக்கு அப்படி.

கொழும்பில் அவர் வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு பெடியன் திடீரென்று காணாமல் போனான். அவனைப் புலி என்று சொல்லி, பொலிஸ் வந்து அண்ணையைக் கொண்டுபோனது. அவருடைய முதுகை ஒருநாள் தற்செயலாகக் கண்ட என் மனிசி அன்றைக்கு உலை வைக்கவில்லை. அதற்கு மேல் நான் அதைப்பற்றி எழுதமாட்டேன். அவரை வெளியில் எடுத்து, நாட்டைவிட்டும் அனுப்பிவைத்தது அவருடைய லொட்ஜைச் சேர்ந்த ஒரு சிங்களவர், பெரிய இடத்தில் இருந்தவர். அண்ணையின் மனைவியும் மகளும் வெள்ளவத்தையில் தெரிந்தவர் வீட்டு அறை ஒன்றில் ஒதுங்கியிருந்தார்கள். விசாரித்துக்கொண்டு ஆட்கள் வந்துபோவதாகத் தொலைபேசியில் சொல்லுவார்கள். அண்ணைக்கு இங்கே அனுமதி கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் அவரும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

அதுவும் எந்த நேரத்தில்? இலங்கையில் அரசுக்கும் புலிகளுக்கும் சமாதானப் பேச்சு நடந்த நேரத்தில். நடுவில் நின்று பேசி வைத்தவர்களே நோர்வேக்காரர். அவர்களிடமே போய், அங்கே இன்னும் ஆபத்து என்று நிரூபிக்க வேண்டும்.

விசாரணையில் நடந்ததை அண்ணை எங்களுக்கும், மீன்கடைக்காரருக்கும், பஸ் தரிப்பில் நின்ற எல்லாருக்கும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அதிகாரி ஒரு மரியாதையான பெண்ணாம். ஏதாவது அமைப்பில் உறுப்பினரா என்று கேட்டிருக்கிறார்.

"ஓம். சத்தியம் எடுத்தனான்."

"என்ன சத்தியம்?"

"சொல்லேலாது."

"சொன்னால் என்ன நடக்கும்?"

"அதையும் சொல்லேலாது."

"உங்களைச் சிறையிலிருந்து எடுத்தது யார்?"

"ஒரு சகோதரர். அந்த அமைப்பிலை இருக்கிறவர்."

"பெயர்?"

"அது என்ரை வாயிலை வராது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ அண்ணை! யாழ்ப்பாணத்துத் தமிழன் ஒருத்தன், ரகசிய அமைப்பு, சத்தியம், பேர் சொல்லமாட்டன் எண்டு நோர்வேக்காரியிட்டைச் சொன்னால் அவ என்ன நினைப்பா?"

"பிறீமேசன் எண்டும் சொன்னனான் தம்பி."

"நம்பினவவோ?"

"அப்பிடியெண்டால் அந்த ரகசியச் சொல்லைச் சொல்லுங்கோ பாப்பம் எண்டு கேட்டா. சொன்னால் நான் பிறீமேசன் இல்லையே!"

முதல் முடிவு வந்தது. நிராகரிப்பு. சொல்வது நம்பத்தக்கதாக இல்லை என்று காரணம். மேன்முறையீடு செய்தோம். அட்வொகாட், அதாவது வக்கீல், ஒரு இளம் பெண், கெட்டிக்காரி. மேன்முறையீட்டுச் சபை அண்ணையை நேரில் கூப்பிட்டு விசாரிக்கும் என்றும், உண்மையிலேயே அவர் பிறீமேசன்தான் என்று யாராவது சொன்னால் மற்றக் கதையும் நிற்கும் என்றும் சொன்னார். அண்ணையின் கைலாகு வேட்டை அன்றிலிருந்துதான் மும்முரமானது. இந்த ஊரில் தன்னை அடையாளம் காண ஒருவன், ஒரேயொருவன் இருக்கமாட்டானா என்று மனுசன் கையைக் கையாய்ப் பிடித்துத் திரிந்தார்.

நகர நடுவிலுள்ள நோர்வே லொட்ஜுக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவில் ஒரு நரைத்த கனவான், அடக்கமாகப் பேசினார். இங்கே உறுப்பினராக வேண்டுமென்றால் கிறிஸ்தவராக இருக்க வேண்டுமாம். விருந்தாளியாக வரலாம், ஆனால் அதற்குக் கொழும்பிலிருந்து அத்தாட்சி வேண்டும். இவருடைய பத்திரங்கள் எல்லாம் பொலிஸ் வீட்டைக் கிளறியபோதே போய்விட்டன. எழுதிக் கேட்கலாம், பதில் வர எவ்வளவு காலமாகும் என்று தெரியாது என்றார். நான் கொதித்துப்போய் வெளியே வந்தேன். அண்ணையின் முகம் பூத்திருந்தது.

"பாத்தியளே? என்ன முறை! அத்தாட்சி கேக்காமல் உள்ளை விட்டிருந்தால் நான்தான் அவையைச் சந்தேகப்பட்டிருப்பன்."

"அண்ணை, உங்களை உள்ளை விடேல்லை!"

"ஓம், எவ்வளவு ஒழுங்கா விடேல்லை பாத்தியளே."

அந்த இலையுதிர்காலத்தில்தான் விசயம் நடந்தது. எங்கள் தொடர்மாடியில் வருசத்துக்கு இரண்டு தரம் எல்லாரும் இறங்கி முற்றம் கூட்ட வேண்டும். டுக்னாட் என்பார்கள். சட்டம் ஒன்றும் இல்லை. வராவிட்டால் படியில் கண்டவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அண்ணை முதல் ஆளாக விளக்குமாறோடு நின்றார். மூன்றாம் மாடியில் தனியாக இருந்த பேரிட் என்ற நோர்வேப் பெண்மணி, ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர், இலை வாரிக்கொண்டு வந்து அவருக்குக் கை கொடுத்தார். வழக்கம்போல் அண்ணையின் பெருவிரல் புறப்பட்டது.

அடுத்த நிமிசம் அண்ணை விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஐந்து மாடியும் படியால் ஓடிவந்தார். லிப்ட் இருந்தது.

"தம்பி! அவ திருப்பிக் குடுத்தா!"

"என்னத்தை அண்ணை?"

"சொல்லேலாது!"

மனிசி தண்ணீர் கொடுத்தாள். அரைவாசி சேர்ட்டில் ஊற்றுப்பட்டது. எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் பட்டாசு வெடித்தது. கிடைத்துவிட்டது சாட்சி, அதுவும் எங்கள் தொடர்மாடியிலேயே! கீழே ஓடிப்போய்ப் பேரிட்டைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, தான் ஒரு பிறீமேசன் என்றும், ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கிற வேறொரு பிரிவு என்றும், அந்த மனிதருக்காக எங்கே வந்து வேண்டுமானாலும் சாட்சி சொல்வதாகவும் சொன்னார்.

மேலே வந்து சொன்னால் அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலாது தம்பி. பொம்பிளையளைச் சேர்க்கிற லொட்ஜ் முறையில்லாதது. அவவை நான் அங்கீகரிக்கக்கூடாது. அங்கீகரிச்சால் என்ரை சத்தியம் போச்சு."

"விசரே அண்ணை உங்களுக்கு? இந்த நாடு முழுக்கத் தேடி அகப்பட்டது ஒரே ஒரு ஆள்!"

"அதுதான் தம்பி எனக்கும் அந்தரமாக் கிடக்கு."

மனிசிக்கு அண்ணையிடம் ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. "பொம்பிளை எண்டால் முறையில்லையோ? அப்ப மூண்டு நேரமும் உங்களுக்குச் சோறு போடுறது ஆர்? உங்கடை மனிசியும் பிள்ளையும் அங்கை கதவு தட்டுற சத்தத்துக்கெல்லாம் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு இருக்குதுகள், அதுகளும் பொம்பிளையள்தான்!" அண்ணையின் கண்ணால் தண்ணீர் ஓடியது. அவரோடு சண்டை போடவும் முடியாது, போடாமல் இருக்கவும் முடியாது. அப்படி ஒரு மனிதர்.

பேரிட் கோபிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவரைக் கோப்பிக்குக் கூப்பிட்டார். அயலட்டை மரியாதை வேறு, அங்கீகாரம் வேறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அண்ணையும் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பேரிட் வாஃபலும் பழுப்புச் சீஸும் வைத்துவிட்டு, வெளியில் பெய்கிற பனியைப்பற்றிப் பேசுவார். பேச்சின் நடுவில் விசித்திரமான ஒரு கேள்வியை மெல்ல நுழைப்பார். ஒரு சொல்லைப் பாதியில் நிறுத்துவார். கையை மேசையில் ஒரு விதமாக வைப்பார். அண்ணை உடனே தன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டு, "வாஃபல் நல்லாயிருக்கு" என்பார். சில ஞாயிறு அவர் அதைப் பத்துத் தடவை சொன்னார். நானோ இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்து, சீஸ் தொண்டையில் சிக்க, இந்த மனுசன் வாயைத் திறந்தால் என்ன என்று உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஒரு குளிர்காலம் முழுக்க இதுதான் நடந்தது. ஆனால் பேரிட்டின் பல்கனிப் பனியை அள்ளியதும், அவருக்குக் காய்ச்சல் வந்தபோது இரசம் கொண்டுபோய்க் கொடுத்ததும் அண்ணைதான்.

விசாரணைக்குத் திகதி வந்தது. வெள்ளவத்தையில் அவர்கள் இருந்த அறையையும் விடச் சொல்லிவிட்டார்கள் என்று செய்தி. அட்வொகாட் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் சொல்வதை நான் மொழிபெயர்த்தேன்.

"பேரிட்டை நீங்கள் கூப்பிட வேண்டாம். நான் கூப்பிடுறன். நீங்கள் அவவை அங்கீகரிக்கத் தேவையில்லை. அவ உங்களை அங்கீகரிப்பா."

அண்ணை இரண்டு நாள் யோசித்தார். மனுசன் நித்திரை கொள்ளவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டேயிருந்தது. மூன்றாம் நாள் தேத்தண்ணியோடு வந்து, "அவ என்ன சொன்னாலும் நான் ஓம் எண்டும் சொல்லமாட்டன், இல்லை எண்டும் சொல்லமாட்டன். சரியோ?" என்றார். சரி என்று அவருடைய காலில் விழாத குறையாகச் சொன்னோம்.

சபை கூடிய அன்று நானும் பேரிட்டும் வெளியே வாங்கில் இருந்தோம். நான் நகம் கடித்து விரலுக்கு வந்துவிட்டேன். முதலில் அண்ணையைத்தான் விசாரித்தார்களாம். தலைவர், உங்கள் குடும்பத்தின் நிலைமை தெரிந்தும் அந்தச் சொல்லையும் அந்தப் பெயரையும் சொல்லாமல் இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறார். அண்ணை சொன்ன மறுமொழியை அட்வொகாட் பிறகு எனக்கு இரண்டு தரம் சொன்னார்.

"இஞ்சை வந்து உண்மை பேசுவன் எண்டு உங்களுக்கும் ஒரு சத்தியம் தந்திருக்கிறன். முந்திக் குடுத்த சத்தியத்தை உங்களுக்கு முன்னாலை உடைச்சுப்போட்டால், பிந்தித் தந்த சத்தியத்தை நீங்கள் என்னெண்டு நம்புவியள்? அந்தச் சகோதரர் இப்பவும் அங்கைதான் இருக்கிறார். அவருக்கும் மனிசி பிள்ளையள் இருக்கு."

பிறகு பேரிட்டைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்துவிட்டார். "என்ன சொன்னீர்கள், என்ன சொன்னீர்கள்?" என்று நான் அவருடைய கோட்டைப் பிடித்து இழுக்காத குறை. திரும்பி வரும் ரயிலில்தான் சொன்னார்.

"ஒரு குளிர்காலம் முழுக்க அவரைச் சோதித்தேன் என்று சொன்னேன். பொய்க்காரன் என்றால் என் சைகைகளைப் பொறுக்கி எடுத்துத் தன்னுடையது என்று காட்டியிருப்பான். இந்த நாட்டில் அவருக்கு இருந்த ஒரே சாட்சி நான். என்னை அவர் ஏற்கவேயில்லை. அவருடைய ஆட்கள் எங்களுக்குக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். என் வாழ்நாளில் பாதி அந்தச் சாத்திய கதவுக்கு வெளியேதான் நின்றிருக்கிறேன். உண்மையானவர்கள் எப்படிச் சாத்துவார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இவர் சாத்தியது அப்படித்தான். அவ்வளவுதான் சொன்னேன்."

அண்ணை எதிர் ஆசனத்தில் இருந்தார். ஆங்கிலம் அவருக்கு நன்றாகவே விளங்கும். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மருட் வரைக்கும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

முடிவு வர வாரக்கணக்காயிற்று. அந்த வாரங்களை நான் எழுதப்போவதில்லை. எங்கள் மூன்று பேருக்கும் அதில் ஆளுக்குக் கொஞ்சம் ஆயுசு குறைந்திருக்கும். வந்த உறையை அண்ணை தொடமாட்டேன் என்றார். நானும் தொடவில்லை. மனிசிதான் கறிக்கத்தியால் கிழித்தாள். வாசித்துவிட்டுக் குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள். நான் பயந்தே போனேன். "குடுத்திட்டாங்கள், குடுத்திட்டாங்கள்" என்று அவள் கத்தியபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த கோடையில் விமானநிலையத்துக்குப் போனோம். பேரிட்டும் ஒரு பூங்கொத்தோடு வந்து, கொஞ்சம் ஒதுங்கியே நின்றார். கண்ணாடிக் கதவால் அண்ணையின் மனைவியும், அப்பாவின் தோளுயரத்துக்கு வளர்ந்துவிட்ட மகளும் வந்தார்கள். அழுகை எல்லாம் ஓய்ந்தபிறகு அண்ணை எங்களைக் காட்டி, "இவர் தம்பி, இவ தங்கச்சி" என்றார். பிறகு பேரிட்டின் பக்கம் திரும்பினார். அவரை இவர் அதுவரைக்கும் ஒரு பேர் சொல்லி, ஒரு உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்த நேரத்தில் அங்கீகாரம், சட்டம் என்று தொடங்கினால் நானே இவரை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"இவ என்ரை அக்கா" என்றார் அண்ணை.

அண்ணையின் மனைவி ஓடிப்போய்ப் பேரிட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பேரிட் என்னைப் பார்த்து, அண்ணை என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். பேரிட்டின் முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. "அவருடைய லொட்ஜில் இதற்குப் பிரச்சினை வராதா?" என்று கவலையோடு கேட்டார். நான் அதை அண்ணையிடம் கேட்டேன். மனுசன் அப்போதும் கொஞ்சம் யோசித்தார், பாருங்கள்.

"அக்கா எண்டு சொல்ல ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை தம்பி. அது எங்கடை வீட்டு அலுவல்."

அந்த 'எங்கடை வீடு' என்பதற்குள் என்னையும் என் மனிசியையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று இன்றுவரைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறேன். கேட்டால் சொல்லமாட்டார்.